வீட்டு வாசலில் வேறொருவர் கார்: குடியிருப்பாளர் பார்க்கிங் பர்மிட் கேட்பது எப்படி?

"என் வீட்டு வாசல்ல யாரு கார போட்டது?" ஈப்போ சிலிபின் போன்ற பழைய குடியிருப்புகளில் அக்கம்பக்கத்துச் சண்டை பல நேரம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

சிலிபினில் தூய லூர்து அன்னை ஆலயமும் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. ஞாயிறு வழிபாடு, பள்ளி விடும் நேரம், பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள் என வெளியூர் கார்கள் வந்து சேரும் நேரங்கள் பல. அங்கே குடியிருப்பவர்களின் கார்களோ எந்நேரமும் அங்கேதான் நிற்க வேண்டும்.

குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் பர்மிட் மண்டலத்தைக் கேட்டு மனு போட முடியுமா? அதற்கு என்ன செய்ய வேண்டும்?

வாசலுக்கு முன் இருக்கும் இடம் யாருடையது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேட்டுக்கு உள்ளே இருப்பதுதான் உங்கள் இடம். கேட்டுக்கு வெளியே இருப்பது பொதுச் சாலை. அது வீட்டு மதிலை ஒட்டியே இருந்தாலும் வீட்டுக்காரருக்கு அதில் தனி உரிமை கிடையாது.

அதனால் கோன், பூந்தொட்டி, பழைய நாற்காலி வைத்து "இடம் பிடிப்பது" சட்டப்படி தவறு. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, பொது இடத்தில் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. மன்ற அதிகாரிகள் வந்தால் அந்தப் பொருட்களை அள்ளிக்கொண்டு போகலாம்.

அதற்காக வெளியார் எப்படி வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் கேட்டை மறித்து, காரை வெளியே எடுக்க முடியாதபடி ஒருவர் நிறுத்தினால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி அது இடையூறு. போலீசிலோ மாநகர் மன்றத்திலோ புகார் கொடுக்கலாம். ஆனால் கேட்டை மறிக்காமல் மதில் ஓரமாக நிற்கும் காரை, அது வேறு ஒருவருடையது என்ற ஒரே காரணத்துக்காக அகற்றச் சொல்ல முடியாது.

பர்மிட் மண்டலம் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது.

பர்மிட் மண்டலம் என்றால் என்ன?

குறிப்பிட்ட சில தெருக்களில், குறிப்பிட்ட நேரத்தில், பர்மிட் உள்ள கார்கள் மட்டுமே நிற்கலாம் என்பதுதான் அடிப்படை. லண்டனின் பல பகுதிகளில் இது நீண்டகாலமாக நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூரில் எச்டிபி அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் மாதக் கட்டணம் கட்டி 'சீசன் பார்க்கிங்' எடுக்கிறார்கள். ஜப்பான் வேறு வழியில் போனது: கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று 1962லேயே சட்டம் கொண்டு வந்தது.

"பொதுச் சாலையில் உள்ளூர்க்காரருக்கு மட்டும் சலுகையா?" என்ற கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில், பக்கத்து வணிகப் பகுதிக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியிருப்புத் தெருக்களில் காரைப் போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளாட்சி பர்மிட் முறை கொண்டு வந்தது. வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 மணி வரை மட்டுமே கட்டுப்பாடு. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் பர்மிட் உண்டு. 1977இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நெரிசல், சத்தம், புகை, விபத்து ஆபத்து ஆகியவற்றைக் குறைப்பது நியாயமான நோக்கம் என்பதே காரணம்.

மலேசியச் சட்டத்தில் இதற்கு வழி உண்டா?

உண்டு. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, சாலையின் ஒரு பகுதியை வாகன நிறுத்துமிடமாக அறிவிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அங்கே எந்த வாகனங்கள் நிற்கலாம், என்ன நிபந்தனை, என்ன கட்டணம் என்பதை உத்தரவு மூலம் நிர்ணயிக்கலாம். சிலிபின்வாசிகள் அணுக வேண்டிய இடம் ஈப்போ மாநகர் மன்றம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செயலியில் பார்க்கிங் கட்டணம் கட்டுவது வேறு, பர்மிட் மண்டலம் வேறு. கட்டணம் கட்டினால் காலியாக இருக்கும் பெட்டியில் நிற்கலாம், அவ்வளவுதான். அதனால் உங்கள் தெருவில் உங்களுக்கு முன்னுரிமை வந்துவிடாது.

எப்படிக் கேட்பது?

1. சாலை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். உள் தெருக்கள் பெரும்பாலும் மன்றத்தின் கையில் இருக்கும். பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையின் (ஜேகேஆர்) கீழ் இருக்கலாம்.

2. கணக்கு எடுங்கள். இரண்டு வாரத்துக்கு காலை, மதியம், இரவு என மூன்று நேரமும் தெருவில் நிற்கும் கார்களை எண்ணுங்கள். எத்தனை உள்ளூர் கார், எத்தனை வெளியார் கார்? தேதி தெரியும் படங்களும் வேண்டும். "எப்பவும் ஜாம்தான்" என்ற புலம்பலைவிட இந்த அட்டவணைக்கு மதிப்பு அதிகம்.

3. கையெழுத்து சேருங்கள். வீட்டு எண்ணோடு, வீட்டுக்கு ஒரு கையெழுத்து. வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கம் இருந்தால் மனு அதன் பெயரில் போகட்டும்.

4. மனுவை மலாயில் எழுதுங்கள். டத்தோ பண்டாருக்கு முகவரியிட்டு, எந்தத் தெருக்கள், எந்த நாட்கள், எந்த நேரம் என்று குறிப்பிடுங்கள். வரைபடம் ஒன்றை இணைத்து, மனு கிடைத்ததற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. உங்கள் பகுதி கவுன்சிலரைப் பாருங்கள். மலேசியாவில் கவுன்சிலர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது. மன்றக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. போய் உட்கார்ந்து கேட்கலாம்.

மனுவுக்கு முன் தெருவில் பேச வேண்டியது

பர்மிட் கிடைத்தால் இடம் கிடைத்துவிடும் என்பது உறுதியல்ல. உதாரணத்துக்கு, 20 வீடுகள் உள்ள தெருவில் வீட்டுக்கு இரண்டு கார் என்று வைத்துக்கொள்வோம். போர்ச்சில் ஒன்று நின்றாலும் மீதி 20 கார் சாலைக்கு வரும். சாலையில் 15 கார்களுக்குத்தான் இடம் என்றால் வெளியார் ஒருவர்கூட வராவிட்டாலும் சண்டை தொடரும். போர்ச்சை அறையாக்கிவிட்டு காரைத் தெருவில் விடுபவர் இருந்தால், "உங்கள் இடம் என்ன ஆச்சு?" என்று மன்றம் கேட்டாலும் ஆச்சரியமில்லை.

இன்னும் சில கேள்விகள் உண்டு. வீட்டுக்கு எத்தனை பர்மிட்? கட்டணம் வந்தால் எல்லாராலும் கட்ட முடியுமா? தனியாக இருக்கும் பாட்டியைப் பார்க்க தினமும் வரும் மகள் எங்கே நிறுத்துவார்? கல்யாணம், துக்கம் என்றால் என்ன ஏற்பாடு? விரட்டப்படும் கார்கள் அடுத்த தெருவுக்குத்தான் போகும். அந்தத் தெருக்காரர்களிடம் பேசியாகிவிட்டதா?

பர்மிட் கிடைக்காவிட்டால்?

மனுவிலேயே மாற்று வழிகளையும் சேர்த்துக் கேட்கலாம்: முச்சந்தியிலும் குறுகலான வளைவிலும் மஞ்சள் கோடு, பள்ளி நேரத்தில் மட்டும் நிறுத்தத் தடை, மாற்றுத்திறனாளிக்கான பெட்டி, திருநாள் நாட்களில் ஆலய நிர்வாகத்தோடு சேர்ந்து தற்காலிக நிறுத்துமிடம். இவை பர்மிட்டைவிட எளிதில் நடக்கக்கூடியவை.

எதைக் கேட்டாலும் ஒன்றை முதலில் எழுதுங்கள்: ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர வழி வேண்டும். இரண்டு பக்கமும் கார் நிற்கும் குறுகிய தெருவில் அந்த வழி அடைபட்டால், அவசரத்தில் மாட்டிக்கொள்வது அங்கே குடியிருப்பவர்கள்தான்.