ஐந்து நிமிட அவகாசம்

"ஐந்து நிமிடம் கொடுங்கள். எங்களுக்குள் பேசிவிட்டு வருகிறோம்."

யூட்டாவிலிருந்து ஜோ கில்மின்ஸ்டர் இப்படிக் கேட்டதும் தொலைபேசி இணைப்பு மௌனமானது. போன வாரம் அங்கேதான் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மௌனத்துக்கு ஒரு தனி அத்தியாயம் கொடுத்தே ஆகவேண்டும்.

இணைப்பில் இருந்தவர்கள் மூன்று ஊர்களிலுமாக 34 பேர். புளோரிடா ஏவுதளத்தில் சிலர். அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில், நாசாவின் மார்ஷல் மையத்தில் சிலர். சேலஞ்சர் விண்கலத்தைத் தூக்கிச் செல்லும் இரண்டு பூஸ்டர்களையும் செய்துகொடுத்த மோர்டன் தியோகால் நிறுவனத்தின் யூட்டா அறையில் மற்றவர்கள். விடிந்தால் 1986 ஜனவரி 28. விடிந்தால் ஏவுதல்.

முதல் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இனி எதுவும் கேட்காது. நாம் யூட்டா அறைக்குள் போவோம்.

அங்கே மணி இரவு எட்டரை.

சற்று முன்புவரை தியோகால் ஒரே குரலில்தான் பேசியது. பொறியியல் துறையின் துணைத் தலைவர் பாப் லண்ட் தன் வாயாலேயே பரிந்துரையைச் சொல்லியிருந்தார். ஓ-ரிங்கின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஏவாதீர்கள். நம் கணக்கில் 12 டிகிரி செல்சியஸ். புளோரிடாவிலோ அன்றிரவு மைனஸ் 8 வரை இறங்கும் என்று முன்னறிவிப்பு.

ஓ-ரிங் என்ற அந்த ரப்பர் வளையத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டு அடி விட்டமுள்ள பூஸ்டரைச் சுற்றி வளைத்து நிற்கும். பூஸ்டரின் துண்டுகள் சேரும் ஓர் இணைப்புக்கு இரண்டு. குக்கர் கேஸ்கெட் விறைத்துப்போனால் ஆவி கசியும், விசில் வராது, சோறு வேகாது. இங்கே கசிவது 3,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயு.

தியோகால் சோதித்துப் பார்த்திருந்தது. வளையத்தை அழுத்திப் பிடித்து, பிறகு பிடியைத் தளர்த்தினார்கள். 24 டிகிரி வெப்பத்தில் அது மறுபடி உப்பி இடைவெளியை அடைக்க 2.4 விநாடி ஆனது. 10 டிகிரியில்? பத்து நிமிடம் காத்திருந்தும் அடைக்கவில்லை. பூஸ்டர் பற்றியதும் அந்த வளையத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடிகூட இல்லை.

இதைக் கேட்டு நாசா என்ன சொன்னது? ஹண்ட்ஸ்வில்லில் இருந்த ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரை தன்னைத் திகைக்க வைக்கிறது என்றார். புளோரிடாவில் இருந்த லாரி முல்லாய் வெடித்தார். அப்படியானால் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், ஏப்ரலிலா?

கோபத்தை விடுங்கள். முல்லாய் கேட்ட இன்னொரு கேள்விதான் தியோகாலை மடக்கியது. 24 டிகிரியில் பறந்த பூஸ்டரிலும் முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருக்கிறதே? உங்கள் தாளிலேயே இருக்கிறதே? அப்புறம் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. இதை ஒப்புக்கொள்ளாமல் முல்லாயை வில்லனாக்கிவிட்டால் இந்த இரவு நமக்குப் புரியாமலே போய்விடும்.

பொறியாளர் ரோஜர் போஜொலே பதில் சொன்னார். இரண்டு கசிவும் ஒன்றல்ல. முன்பொரு முறை குளிரில் பறந்து கசிந்த பூஸ்டரில் வளையங்களுக்கு நடுவே படிந்திருந்த கரி கன்னங்கரேல் என்று இருந்தது. மற்றதில் அப்படி இல்லை.

எண்ணில் சொல்லுங்கள் என்றார்கள்.

எண் அவரிடம் இல்லை. கெட்ட திசையில் போகிறது என்பது மட்டும் தெரியும் என்றார். ஆறு மாதங்களுக்கு முன்பே, உயிர்ப்பலி நேரலாம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த மனிதர் அவர். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது வேறு யாரிடமும் இல்லை, இதே பாப் லண்டிடம்தான்.

இந்தக் கட்டத்தில்தான் கில்மின்ஸ்டர் ஐந்து நிமிடம் கேட்டார்.

இணைப்பு துண்டானதும் முதலில் வாய் திறந்தவர் ஜெரி மேசன். அந்த அறையிலேயே பெரிய பதவி அவருடையது. குரலை உயர்த்தவில்லை. நிர்வாக முடிவு ஒன்று எடுத்தாக வேண்டும் என்றார்.

நிர்வாக முடிவு!

போஜொலேவுக்கும் பக்கத்தில் இருந்த ஆர்னி தாம்சனுக்கும் புரிந்துவிட்டது. பரிந்துரை புரளப்போகிறது.

தாம்சன் எழுந்தார். மேசையின் கோடியிலிருந்து நடந்து வந்து, நான்கு பெரியவர்களுக்கும் எதிரே தாளை வைத்தார். மேசன், லண்ட், கில்மின்ஸ்டர், கால் விக்கின்ஸ். பென்சிலால் இணைப்பை வரைந்தார். பற்றவைத்ததும் உலோகம் இப்படி விரியும், வளையம் இங்கே அசைய வேண்டும், குளிரில் அசையாது. அதே படத்தை அவர்களுக்கு எத்தனை முறை காட்டியிருப்பாரோ! வரைந்துகொண்டே முகங்களை நிமிர்ந்து பார்த்தார். ஒரு முகத்திலும் சலனமில்லை.

பென்சிலை எடுத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்து போஜொலே. கரி படிந்த இணைப்புகளின் புகைப்படங்களை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். பாருங்கள், பாருங்கள் என்று மன்றாடினார். அவருக்குக் கிடைத்தது ஒரு வறண்ட பார்வை. இனி பேசாதே என்று சொல்லும் பார்வை. அவரும் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பொறியாளர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சு நால்வருக்குள் சுருங்கியது. பறக்கலாம் என்பவன் நான் ஒருவன்தானா என்று மேசன் கேட்டார். வளையம் இதுவரை அரிக்கப்பட்டதைப்போல மூன்று மடங்கு அரிப்பைத் தாங்கும் என்றார். முதல் வளையம் கைவிட்டாலும் இரண்டாவது காப்பாற்றும் என்றார்.

நில்லுங்கள். இந்த மேசன் யார்? பேராசைக்காரரா? மனிதர்களைச் சாகக் கொடுத்து லாபம் பார்ப்பவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விண்கலம் வெடிக்கும் என்று அவர் உள்ளூர நம்பியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடியிருக்கலாம். நாசாவின் பூஸ்டர் ஒப்பந்தம் தியோகாலுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அதில் இன்னொரு கம்பெனிக்கும் பங்கு கொடுக்கலாமா என்று நாசா யோசித்துக்கொண்டிருந்தது. புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்போது யாருக்குத்தான் வயிறு கலங்காது?

நாசாவின் அவசரமும் ஊரறிந்தது. ஏவுதல் நாள் தள்ளிக்கொண்டே போனது. அன்று காலைகூடக் கதவுக் கைப்பிடியின் ஒரு போல்ட் கழலவில்லை. துளைபோடக் கொண்டுவந்த ட்ரில்லின் பேட்டரி தீர்ந்திருந்தது. ரம்பம் கொண்டு அறுத்து முடிப்பதற்குள் பக்கவாட்டுக் காற்று பலத்துவிட, அன்றைய ஏவுதலே ரத்து. நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன நாசா, ஒரு போல்ட்டுக்காகச் சிரிப்புக்கு இடமானது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தக் குழு தோற்றதே இல்லை. 24 ஷட்டில் பயணங்கள், அத்தனையும் பத்திரமாகத் திரும்பின. வளையம் அரிக்கப்பட்ட பயணங்களும் திரும்பின. அரிப்பு முதன்முதலில் தெரிந்தபோது பதறியவர்கள், அடுத்தடுத்துப் பார்த்தபோது அதற்கும் ஒரு தாங்கும் அளவு வகுத்து, ஏற்கத்தக்க ஆபத்து என்று எழுதிவைத்தார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு கலமும் அந்தக் கோப்பில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போனது.

சரி, அறைக்குத் திரும்புவோம். விக்கின்ஸ் சரி என்கிறார். கில்மின்ஸ்டர் சரி என்கிறார்.

லண்ட் வாய் திறக்கவில்லை.

நால்வரில் இன்றிரவு பரிந்துரையை வாசித்தவர் அவர். அவர் பின்னால் அவருடைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் அவருடைய முதலாளி.

மேசன் அவர் பக்கம் திரும்பினார். பிறகு உலகமே திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் வார்த்தைகளைச் சொன்னார்.

"பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு, நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்."

லண்ட் போட்டுக்கொண்டார்.

ஏன்? பின்னாளில் விசாரணைக் குழுவின் முன் அவரே வாய்விட்டுச் சொன்னார். வழக்கமாக இது பறக்கத் தகுதியானது என்று நிரூபித்துக் காட்டச் சொல்வார்கள். அன்றிரவு இது பறக்காது என்று நிரூபிக்கும் நிலைக்கு நாங்கள் தள்ளப்பட்டோம், எங்களால் அது முடியவில்லை என்றார். கேள்வி தலைகீழாகத் திரும்பியிருந்தது.

என்னை உறுத்துவது இன்னொன்று. திகைக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில், ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்றால் நான் ஏவச் சொல்ல மாட்டேன் என்றும் ஹார்டி சொல்லியிருந்தார். அதாவது, சேலஞ்சரை நிறுத்தும் சாவி யூட்டாவிலேயேதான் இருந்தது. முன்பு சொன்னதையே சொல்கிறோம் என்று ஒரு வரி போதும். மறுமுனையில் காத்திருந்தவர்களில் சிலர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது.

இணைப்பு உயிர்பெற்றது. கில்மின்ஸ்டர் வாசித்தார். குளிர் கவலைக்குரியதுதான், ஆனால் தரவுகள் முடிவாக எதையும் காட்டவில்லை, ஏவலாம்.

யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று புளோரிடாவிலிருந்து நாசாவின் ஸ்டான்லி ரைனார்ட்ஸ் கேட்டார்.

போஜொலே அதே அறையில்தான் இருந்தார். தாம்சனும் இருந்தார். ஒலிவாங்கி எட்டும் தூரத்தில். இரண்டு பேரும் பேசவில்லை. கம்பெனி முடிவெடுத்த பிறகு வாடிக்கையாளரின் காதுபட அதை மறுப்பது அவர்கள் உலகத்தில் வழக்கமில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறையே இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

எழுத்தில் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார் ஹார்டி.

இங்கேதான் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு முட்டுக்கட்டை. ஆலன் மெக்டொனால்ட்! தியோகாலின் ராக்கெட் மோட்டார் திட்ட இயக்குநர். அன்று அவர் இருந்தது புளோரிடாவில், நாசா அதிகாரிகளுக்கு எதிரே. ஏவுதளத்தில் இருக்கும் கம்பெனிக்காரர்தான் கையெழுத்துப் போடுவது வழக்கம்.

நான் போட மாட்டேன் என்றார்.

அதோடு நிற்கவில்லை. வளையத்தின் குளிர் ஒன்று. பூஸ்டர்களை மீட்கப் போன கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் தவிக்கின்றன, அது இரண்டு. ஏவுமேடை முழுக்கப் பனிக்கட்டி, அது மூன்று. ஏதாவது நடந்தால் விசாரணைக் குழுவுக்கு முன்னால் நின்று இதற்கெல்லாம் விளக்கம் சொல்லும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்றார்.

அது உங்கள் கவலை இல்லை என்பது பதில்.

யூட்டாவில் கில்மின்ஸ்டரே கையெழுத்திட்டார். புளோரிடா நேரப்படி 11.45க்கு ஃபேக்ஸ் வந்து விழுந்தது.

மேலே இருந்தவர்களுக்கு யார் சொன்னார்கள்? காலை ஐந்து மணிக்கு ரைனார்ட்ஸ் தன் மேலதிகாரி வில்லியம் லூக்கஸிடம் சொன்னார். தியோகாலுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஏவலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஆர்னால்ட் ஆல்ட்ரிச்சுக்கும் ஜெஸ்ஸி மூருக்கும் அதுகூடப் போய்ச் சேரவில்லை. ஒன்பது மணிக் கூட்டத்தில் பனிக்கட்டியைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். ரப்பர் வளையம் என்ற சொல்லே எழவில்லை.

11.38. ஏழு பேருடன் சேலஞ்சர் கிளம்பியது.

யூட்டாவில் போஜொலே பார்க்கவே மாட்டேன் என்றிருந்தார். சக பொறியாளர் பாப் எபலிங்தான் வற்புறுத்தி உட்கார வைத்தார். வெடித்தால் மேடையிலேயே வெடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. கலம் கோபுரத்தைத் தாண்டியது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்கள். எபலிங் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

73வது விநாடியில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வாரம்வரை அந்த இரவுப் பேச்சு வெளியுலகத்துக்குத் தெரியாது. பிப்ரவரி 10. வாஷிங்டனில் மூடிய அறையில் விசாரணைக் குழு கூடுகிறது. முல்லாய் பேசுகிறார். குளிரைப் பற்றி தியோகாலுடன் விவாதித்தோம், ஏவலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள் என்கிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. குழு உறுப்பினர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த விஷயத்துக்கு நகரப் போகிறார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர் கையை உயர்த்துகிறார். சாட்சி சொல்ல அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் பக்கத்தில் அவருடைய கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள். எதிரே அந்தக் கம்பெனிக்குச் சோறு போடும் நாசா.

ஆலன் மெக்டொனால்ட் எழுந்து நின்று வாயைத் திறக்கிறார்.

(அடுத்த வாரம்)