தோலாக் கணக்கு

வடபுலத்தில் குடியேறிய நம்மவரை முதற்கண் இடர்ப்படுத்தியது மொழி மட்டுமன்று, தராசும்தான். சென்னை மாகாணத்து வீசை 120 தோலா. வடக்கே அரசினர் ஏற்ற சேரோ 80 தோலா. போதாக்குறைக்கு, ஊருக்கு ஊர் வேறு சேர்களும் வழங்கின. கத்தரிக்காய் விலையை ஒப்பிடவும் ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது!

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1958 அக்டோபரில் புகுந்த கிலோகிராம், 1962 ஏப்ரலில் நாடெங்கும் கட்டாயமாகி, அத்தொல்லையைத் தீர்த்தது.

தங்கத்தில் மட்டும் தோலா மறையவில்லை. பழைய தோலா 11.66 கிராம், இன்று வடக்கே பலர் 10 கிராமையே தோலா என்பர். நாமோ 8 கிராம் கொண்ட சவரனில் எண்ணிப் பழகியவர்கள். ஆதலின், திருமண நகைக்குப் ‘பத்துத் தோலா’ எனப் பேசும்போது, எந்தத் தோலா எனக் கேட்டுக்கொள்வோம்; இடையிலுள்ள வேறுபாடு இரண்டு சவரனுக்கும் சற்று மிகுதி.