ஒலிபெருக்கிப் பெட்டி மெருகேற்றல்

வீட்டில் செய்த மர ஸ்பீக்கர் பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெயோ வார்னிஷோ பூசி முடிக்கும் வேலை மெருகேற்றல் எனப்படும். ஒலியின் தரத்தில் பெட்டியின் பங்கு அதன் கொள்ளளவையும் பலகையின் தடிமனையும் உள்தாங்கு கட்டைகளையும் பொறுத்தது. எண்ணெய் பூசினால் ஒலி இனிமையாகும் என்பது வெறும் பேச்சு. பூச்சு அழகுக்கும், ஈரமும் கறையும் மரத்தில் ஏறாமல் இருப்பதற்கும்தான்.

தேய்ப்பது பெரும்பாலும் 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று போகும். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். ஒரு தாள் விட்ட கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும். நடுவில் ஓர் எண்ணைத் தாவினால் கீறல் அப்படியே தங்கி, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். பலகை மீது பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும்வரை தேய்த்தால் விட்டுப்போன இடம் இராது. எப்போதும் மர ரேகை ஓடும் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பிளைவுட்டின் மேல்தகடு பல வேளை ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. மூலைகளில் கை அழுந்தினால் அடியிலுள்ள அடுக்கு வெளியே தெரிந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் தேவை.

தேக்கு போன்ற அசல் மரத்துக்கும் மேல்தகட்டுக்கும் எண்ணெய் பொருந்தும். ரேகையில்லாத எம்.டி.எஃப். பலகைக்குப் பெயின்ட்தான் சரி. அதன் வெட்டு விளிம்புகள் பெயின்டை உறிஞ்சுவதால் முதலில் சீலர் அடிக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் உலராமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. துணியால் தாராளமாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூச வேண்டும்; இரண்டு மூன்று பூச்சு போதும். இறுகும்போது வெப்பம் வெளிப்படுவதால், எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அதை விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

பூச்சுகளுக்கு இடையே இரும்புப் பஞ்சால் தேய்ப்பதுண்டு. ஸ்பீக்கரைப் பொருத்திய பிறகு இரும்புப் பஞ்சைத் தொடவே கூடாது: உதிரும் இரும்புத்தூளை ஸ்பீக்கரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், அத்தூள் உள்ளே கம்பிச்சுருள் அசையும் இடுக்கில் புகுந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும்.