56 முறை குண்டு வீசப் போனவர், பிறகு முட்டையும் பாட்டிலும் எடுத்தார்

டான் ஹெர்பர்ட் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "மிஸ்டர் விசார்ட்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

1917இல் மின்னசோட்டாவில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் பொது அறிவியலும் படித்து 1940இல் வெளியே வந்தார்.
மனசு முழுக்க நடிப்பு தான்.

அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. விமானப்படையில் சேர்ந்து பி-24 குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். இத்தாலியிலிருந்து கிளம்பி மொத்தம் 56 முறை.

அது எப்படிப்பட்ட வேலை தெரியுமா?

இன்றைய பயணிகள் விமானம் மாதிரி உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி அதில் கிடையாது. 20,000 அடிக்கு மேல் பறக்கும்போது ஆக்சிஜன் மாஸ்க் கழன்றால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். குளிரில் விரல்கள் கருகிப் போகும். கீழேயிருந்து பீரங்கி வேறு!

வீரத்துக்கான பதக்கங்களோடு திரும்பி வந்தார். சிகாகோ வானொலியில் நடித்தார், சுகாதார நிகழ்ச்சி தயாரித்தார் (இது எனக்குத் தனி சந்தோஷம்).

1951 மார்ச் 3. "வாட்ச் மிஸ்டர் விசார்ட்" டிவியில் தொடங்கியது.

வெள்ளை கோட்டு கிடையாது. பெரிய ஆய்வகம் கிடையாது. வீட்டில் கிடைக்கும் சாமான்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக வரும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி, அவ்வளவு தான். 1950களில் ஒரு பெண் குழந்தையை டிவியில் சோதனை செய்ய வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பாணியில் ஒன்றை நாமும் பார்ப்போமே.

வாய் சற்றே குறுகிய கண்ணாடி பாட்டில். உள்ளே எரியும் காகிதத் துண்டு. வாயில் ஓடு உரித்த அவித்த முட்டை.
தீ அணைந்ததும் முட்டை சர்ரென்று உள்ளே போய்விடும். (குழந்தைகள் தனியாகச் செய்ய வேண்டாம்)

பாட்டில் முட்டையை இழுத்ததா? இல்லை.
உள்ளே காற்று குளிர்ந்து அழுத்தம் குறைந்தது. வெளிக்காற்று முட்டையைத் தள்ளியது.

நீங்கள் இப்போது மூச்சு விடுவதும் இதே கணக்கு தான். உதரவிதானம் கீழே இறங்குது, நெஞ்சுக்குள் அழுத்தம் குறையுது, வெளிக்காற்று உள்ளே வருது.
மேலே போகப் போக அந்த வெளி அழுத்தமே குறைவு. பி-24இல் மாஸ்க் போட்டது அதனால் தான்.

இதை நான் பள்ளியில் வரையறையாக மனப்பாடம் செய்தேன். ஐந்து மார்க் வாங்கினேன். புரிந்தது எம்பிபிஎஸ் முதல் வருஷத்தில்!

ஹெர்பர்ட் விடையை முதலில் சொல்ல மாட்டார். "என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்கிற மாதிரி கேட்டு, பிள்ளையை யோசிக்க விடுவார். என் பார்வையில் அவருடைய மொத்தத் திறமையும் அந்தக் காத்திருப்பில் தான் இருக்கு. அதுவும் நேரடி ஒளிபரப்பில்!

ஸ்புட்னிக் பறந்து அமெரிக்கா அறிவியல் கல்விக்காகப் பதறியது 1957இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் பெயரில் சுமார் 5,000 அறிவியல் மன்றங்கள், லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள்.

1965இல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். மனிதர் விடவில்லை. 1983இல், 66 வயதில், "மிஸ்டர் விசார்ட்ஸ் வேர்ல்ட்" என்று அடுத்த தலைமுறைக்காகத் திரும்பி வந்தார்.

2007 ஜூனில், 90 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயால் இறந்தார்.