துண்டிக்கப்பட்ட பத்தர்: பேஸ் கிதாரின் தொனி பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

நம் பழைய பாட்டுகளில் வரும் யாழ் ஒரே உடம்பு. நரம்பு அதிர்கிறது, அடியிலுள்ள பத்தர் அந்த அதிர்வை வாங்கிப் பெருக்கிக் காற்றில் விடுகிறது. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கத் தொடங்குவதே பத்தரிலிருந்துதான், மான் குளம்பின் தடத்தை அதற்கு உவமையாகச் சொல்லி.

பேஸ் கிதாரில் இந்த உடம்பு மூன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. தந்தி வாசிப்பவரின் கையில். அதன் அதிர்வு மின்குறியாக மாறி வடம் வழியே ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது; தனியாக நிற்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ஹெட், அதாவது தலை, என்று பெயர். தலை பெருக்கிய மின்சாரம் இன்னொரு வடம் வழியே ஸ்பீக்கர்கள் பொருத்திய மரப்பெட்டிக்கு, கேபினெட்டுக்கு, போய்ச் சேர்கிறது. பத்தர் இப்போது வாசிப்பவருக்குப் பின்னால் தனியே நிற்கும் ஒரு சரக்கு. தலை ஒருவரிடமும் பெட்டி இன்னொருவரிடமும் வாங்கலாம். எந்தத் தலைக்கு எந்தப் பெட்டி, எதை எதோடு சேர்த்தால் 'சரியான தொனி' வரும் என்ற கேள்வி இந்த வெட்டுக்குப் பிறகுதான் பிறக்கிறது.

இது கடைக்காரர்கள் விஷயம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் 'சரியானது' என்ற சொல் கண்ணில் படும்போதெல்லாம் யாருக்குச் சரி, எப்போதிலிருந்து சரி என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பிரெஞ்சுப் பொருளியலாளர் ழாக் அத்தலி 1977இல் வெளியிட்ட நூலில், எது இசை எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலைகளில் ஒன்று என்று வாதிட்டார். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க பேஸ் கிதாரை விடப் பொருத்தமான கருவி கிடைப்பது கஷ்டம். அது உணரப்படுகிறது, ஆனால் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

2

பொருத்தம் என்று சொன்னோம். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு ஜாதகக் கட்டு ஞாபகம் வராமல் போகாது. இங்கேயும் கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கேபினெட்டும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் மொத்தம் 4 ஓம். வால்வு ஹெட்டில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது. 4 ஓம் பெட்டியை 4 ஓமுக்கான இடத்தில் மாட்ட வேண்டும். பெட்டியே மாட்டாமல் வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகக் கூடும். டிரான்சிஸ்டர் ஹெட் வேறு ரகம். ஓம் கூடினால் சக்தி குறையும், அவ்வளவுதான். அதற்கு விதித்த அளவுக்குக் கீழே ஓம் இறங்கினால் சூடேறிச் செத்துவிடும். கடைசியாக வாட்: தலை தருவதைப் பெட்டியிலுள்ள ஸ்பீக்கர்கள் தாங்க வேண்டும்.

இவ்வளவும் கருவி எரியாமல் இருப்பதற்கான கணக்கு. தொனியின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் ஸ்பீக்கருக்கும் பெட்டிக்குமான உறவைச் சூத்திரங்களாக்கினார்கள். அதற்கு முன்னால் பெட்டி செய்வது பெரும்பாலும் தச்சும் காதும் சேர்ந்த வேலை. ஆனால் எந்தச் சூத்திரமும் தாண்ட முடியாத ஒரு நெருக்கடி உண்டு. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஒலி ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் உரக்கக் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். எதை விட்டுக்கொடுப்பது என்று பௌதிகம் சொல்லாது. அதை ஆட்கள் முடிவு செய்தார்கள். 'சரியான தொனி' என்பது அந்த முடிவுகளின் வரலாறு.

3

1940களின் நடன இசைக்குழுவில் பேஸ் என்றால் ஆளுயர மரவாத்தியம். பித்தளை ஊதுகருவிகளுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதன் குரல் எழும்பாது. நியூயார்க்கில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த எவரெட் ஹல், வாத்தியத்தின் கால்முளைக்குள் மைக் ஒன்றைச் செருகி ஒலிபெருக்கும் வழியைக் கண்டுபிடித்து 1946இல் அதை விற்கத் தொடங்கினார். 'ஒலி பெருக்கிய முளை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தான் ஆம்பெக் என்ற பெயர். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் என்ற மின் பேஸ் கிதாரையும், 1952இல் அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தார்.

ஹல்லின் கம்பெனியில் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வந்தது பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ். 25 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஹெட் பெட்டியின் மூடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வாசிக்கும்போது நிமிர்த்தி மேலே வைக்கலாம், முடிந்ததும் தலைகீழாகப் புரட்டி உள்ளே பூட்டிவிடலாம். தலையும் உடம்பும் பிரிந்த பிறகும் பிரிய மனமில்லாத வடிவம் என்று சொல்லலாம். ஸ்டூடியோக்களில் அதுவே அளவுகோலாயிற்று.

ஆனால் அந்த அளவுகோலுக்குள் ஒரு தடை இருந்தது. ஹல் ஜாஸ்காரர். ராக் அண்ட் ரோல் அவருக்கு ஆகாது. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகும்போது வரும் பிசிறு அவருக்கு வெறும் கோளாறு. தன் கருவிகளில் அது வரக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். 'சுத்தமான தொனி' என்ற தொழில்நுட்ப விதிக்குள் எந்த இசை இசையாகாது என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருந்தது. சுத்தம் என்ற சொல் அப்பாவியாக இருப்பதில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தை ராக் பக்கம் சாய்ந்தது. 1967இல் ஆம்பெக் வேறு கைக்கு மாறியது.

4

பிசிறை வரவேற்றவர்கள் அட்லாண்டிக்குக்கு அக்கரையில் இருந்தார்கள். மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டு கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் இறக்குமதி விலை இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடையிலிருந்த மெக்கானிக்குகள் பேஸ்மேனின் சுற்றைப் பார்த்து 1962 வாக்கில் உள்ளூரிலேயே ஒன்றைச் செய்தார்கள். ஃபெண்டரின் பேஸ்மேனில் தலையும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள், பின்பக்கம் திறந்தபடி இருந்தன. இங்கே ஹெட் தனி. அடியில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு வைத்து பின்பக்கம் மூடிய பெட்டி. சுற்று ஏறக்குறைய அதேதான். பெட்டி மாறியதும் குரல் வேறாகிவிட்டது. பேஸுக்கென்று வகுத்த சுற்று, விலை காரணமாக நகலெடுக்கப்பட்டு, கிதாரின் அடையாளமாக முடிந்தது.

பிறகு இடம் பெரிதாயிற்று. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 55,000க்கும் மேற்பட்டவர்களுக்கு முன்னால் பாடினார்கள். 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் கூச்சலில் மூழ்கின, அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அதே ஆண்டு தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் கேட்டு வாங்கினார். தூக்குகிறவர்கள் முதுகு ஒடிகிறது என்று முறையிட்ட பிறகுதான் அது இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ராக் மேடையின் சின்னமாகிப்போன அந்த அடுக்கு சுமை தூக்கியவர்களின் புகாரால் வந்த வடிவம். இசை வரலாறுகளில் இது வேடிக்கைக் கதையாக மட்டும் வருகிறது.

1969இல் வந்தது ஆம்பெக் எஸ்விடி. 14 வால்வுகள், 300 வாட், ஹெட் மட்டுமே சுமார் 40 கிலோ. 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு வைத்து முழுக்க மூடிய பெட்டி. அன்றைய ஸ்பீக்கர்கள் 300 வாட்டைத் தாங்காது என்பதால் ஒரு தலைக்கு இரண்டு பெட்டிகள் என்று விதித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டின் அமெரிக்கப் பயணத்துக்கு இதை எடுத்துப்போனார்கள். இன்று பேஸ் மேடைக்கு 'இயல்பான' ஜோடி எது என்று கேட்டால் பலர் கை நீட்டுவது இந்தத் தலையையும் இந்தப் பெட்டியையும்தான். ஸ்டேடியம் என்ற வணிகம் கேட்ட அளவு, தொனியின் இலக்கணமாக உறைந்துவிட்டது.

5

இந்த இலக்கணத்தில் ஒரு விசித்திரம். நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் பிந்தைய மாதிரிக்குக் கம்பெனி தரும் கணக்குப்படி 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த அடிச்சுரத்தை நாம் எப்படிக் கேட்கிறோம்? 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் கிளைச்சுரங்களை வைத்துக் காது தானாகவே அடியை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. மேலே உள்ளவை கணீரென்று கேட்கின்றன. அடியில் இருப்பது ஊகிக்கப்படுகிறது.

ஜேம்ஸ் ஜேமர்சனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து டெட்ராய்ட் வந்த கறுப்பினக் கலைஞர். 1960களில் மோடவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்கு அடியில் ஓடுவது அவருடைய பேஸ். மாற்றாத பழைய தந்திகள், பெரும்பாலும் ஒற்றைச் சுட்டுவிரல். கிளப்புகளில் பி-15 வைத்து வாசித்தார். ஆனால் மோடவுன் ஸ்டூடியோவில் அவருடைய பேஸ் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரோ கேபினெட்டோ இல்லாமல் நேரே பதிவு மேசைக்குள் செருகப்பட்டது. பேஸ் தொனிக்கு உச்ச உதாரணமாகக் காட்டப்படும் அந்த ஒலிக்குப் பத்தரே கிடையாது.

பெயரும் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வரும்வரை மோடவுன் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர் அச்சாகவில்லை. 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் பெயர்ந்தது. 1983 மார்ச்சில் அதன் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது ஜேமர்சன் டிக்கெட் வாங்கிப் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆகஸ்டில் இறந்தார், வயது 47.

6

இன்று 500 வாட் ஹெட் மூன்று கிலோவுக்குள் கிடைக்கிறது. பல மேடைகளில் கேபினெட்டே இல்லை. வாசிப்பவர்கள் காதுக்குள் செருகிக் கேட்டுக்கொள்கிறார்கள். பி-15இன் மரப்பெட்டி காற்றை எப்படி அசைத்தது என்பதை அளந்து ஒரு கோப்பாக்கி விற்கிறார்கள். ஹல் விரட்டிய பிசிறும் அதே கடையில் இன்னொரு கோப்பு. வாங்குபவர் தலையையும் பெட்டியையும் திரையில் விருப்பப்படி ஜோடி சேர்க்கலாம். எதுவும் கருகாது, யார் முதுகும் ஒடியாது.

நல்லதுதான். சுமை குறைந்ததற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் 'பழைய மோடவுன் தொனி' என்று எழுதியிருக்கும்போது விற்கப்படுவது எது? ஸ்டூடியோவில் பெரும்பாலும் மாட்டப்படாத ஒரு பெட்டியின் அளவீடு, உறையில் அச்சாகாத ஒரு மனிதரின் புகழைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. தொனியின் வரலாற்றைப் பெட்டிகளின் வரிசையாக எழுதுகிறவரைக்கும் அது அப்படியேதான் நிற்கும். வாசித்தவர், தூக்கியவர், நகலெடுத்த மெக்கானிக் என்று ஆட்களின் வரிசையாக அதைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது.