ஒரு மேற்கோளும் நானூறு பெண்களும்

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை வாசித்தார். மறுநாள் அது தினமணியில் வெளிவந்தது. திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி ஆண்டாள் என்று ஓர் ஆய்வு சொல்வதாக அதில் ஒரு மேற்கோள் இருந்தது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் அமர்ந்தார். காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாயின. கவிஞர் வருத்தம் தெரிவித்தார், நாளிதழும் தெரிவித்தது. நாளிதழின் ஆசிரியர் ஆண்டாள் சந்நிதிக்கே வந்து வணங்கிப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மேற்கோளை எடுத்துப் படித்தவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக வெளியீடு என்று மேடையில் சொல்லப்பட்ட நூல், உண்மையில் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்டது. தொகுத்தவர் சுபாஷ் சந்திர மாலிக். குறிப்பிட்ட கட்டுரையை எழுதியவர்கள் கேரள வரலாற்றாசிரியர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். தென்னிந்திய பக்தி இயக்கத்துக்கும் கோயிலுக்கும் நிலவுடைமைக்கும் உள்ள உறவே அதன் பொருள். ஆண்டாள் அதில் போகிறபோக்கில் வருகிறாள்.

அந்த வரியைத் தாங்கும் சமகாலக் கல்வெட்டு எதுவும் கிடையாது. எதிர்த்தரப்பு முன்வைத்த துளசிச் செடியடிக் குழந்தையும் பிற்காலக் குருபரம்பரைக் கதைகளில்தான் கிடக்கிறாள். நம் கையிலிருக்கும் உறுதியான சான்று அவள் பாடல்களும், அவற்றின் முடிவில் தன்னை விட்டுசித்தன் கோதை என்று அவளே சொல்லிக்கொள்வதும்தான். பாடலில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் காலம் கணித்தார். அந்தக் கணிப்பை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எதிலிருந்து அதற்கு வந்தார் என்பது நமக்குத் தெரியும். ஆய்வு என்றால் எனக்கு அவ்வளவுதான்.

அறிவியல் இதழ்களில் பிழையான கட்டுரையைத் திரும்பப் பெறும் வழக்கம் உண்டு. எது பிழை, ஏன் பிழை என்று குறிப்பு எழுதி, பழைய பக்கத்தையும் கண்ணில் படும்படி வைத்திருப்பார்கள். 1998இல் 'லான்செட்' வெளியிட்ட தடுப்பூசி, ஆட்டிசம் கட்டுரை அப்படித் திரும்பப் பெறப்பட 12 ஆண்டுகள் ஆயின. நமக்கு வாய்த்தது மன்னிப்பு. மன்னிப்பு கேட்டவர் பணிந்தாரா என்று பார்த்தோம், வரி சரியா என்று பார்க்கவில்லை. 1978இல் அச்சான பக்கத்தில் அது அப்படியே நிற்கிறது.

ஆண்டாள் என்றொருத்தி இருந்ததே இல்லை, பெரியாழ்வாரின் கற்பனை அவள் என்று ராஜாஜியும் எழுதியிருக்கிறார். அவளை இல்லாமலே ஆக்கிய அந்த வாக்கியத்துக்காக இவ்வளவு பெரிய போராட்டம் எழவில்லை. தேவதாசி என்ற ஒரு சொல்லுக்குத்தான் ஊர் கொதித்தது. கொதித்தவர்களில் சிலர் கவிஞரின் தாயை இழுத்து ஏசினார்கள். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க இன்னொருத்தியை ஏசுவது நமக்குப் பழகிய வழிதானே! தேவதாசி என்பது வசைதானா என்று மேடையிலும் யாரும் கேட்கவில்லை, தெருவிலும் கேட்கவில்லை.

லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்களைத் தேடி 2000இல் ஒரு நூல் எழுதினார். 'தேவதாசி' என்ற சொல்லே அக்கல்வெட்டுகளில் அரிது. தேவரடியார் முதலான பெயர்களில் வரும் பெண்களைப் பெரும்பாலும் கொடை அளித்தவர்களாகவே அவர் காண்கிறார். இருபதாம் நூற்றாண்டின் சட்டமும் சீர்திருத்தமும் பொருள் ஏற்றித் தந்த சொல்லை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணின் மேல் ஒட்டியது கட்டுரையின் பிழை. ஒட்டியதும் அருவருத்தது நம்முடையது.

என் மாணவிகளை நான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கு அனுப்புவேன். ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்பதெல்லாம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கிறது.