‘அப்டேட்’ பெயரில் வரும் வைரஸ் மெயில்: கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை வியாசர்பாடி, எம்.கே.பி.நகர், சர்மா நகர் பக்கம் ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர்களுக்கு பஞ்சம் இல்லை. காலேஜ் அப்ளிகேஷன், பான் கார்டு, வருமான சான்று என எல்லா வேலையும் கடையில் உள்ள ஒன்றிரண்டு கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. துறைமுகத்தை நம்பி இருக்கும் லாரி, கண்டெய்னர் ஆபீஸ்களிலும் இதே கதைதான்.

அந்த கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் மாட்டுவது முதலாளி மட்டும் அல்ல. ஆதார் நகல் கொடுத்துவிட்டு போன அத்தனை பேரும்தான். அப்படி புகுவதற்கு ஒரு சுலபமான வழி, ‘உங்கள் சாப்ட்வேரை உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று வரும் போலி இ-மெயில்.

20 வருட பழைய தந்திரம்

இது புதுசு இல்லை. 2003 செப்டம்பரில் ‘ஸ்வென்’ என்ற வைரஸ் உலகம் முழுக்க பரவியது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் பாதுகாப்பு அப்டேட் போலவே, அச்சு அசலாக மெயில் வந்தது. கூடவே ஒரு பைல். அதை திறந்தால் ‘இன்ஸ்டால் செய்யவா?’ என்று கேட்கும். ‘நோ’ கொடுத்தாலும் வைரஸ் உள்ளே போய்விடும். ஆன்டி-வைரசை முடக்கிவிட்டு, மெயில் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கியது.

கையால் எழுதிய போர்டிங் பாஸ்

2024 ஜூலை 19-ந்தேதி சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸை கையால் எழுதி கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். அதற்கு காரணம் வைரஸ் இல்லை. ‘கிரவுட்ஸ்டிரைக்’ நிறுவனம் அனுப்பிய அப்டேட்டில் இருந்த தவறு. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

இதுதான் சாக்கு என்று மோசடி கும்பல் களத்தில் இறங்கியது. ‘பிரச்சினையை சரி செய்யும் அப்டேட்’ என்ற பெயரில் வைரசை அனுப்பினார்கள். மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பும் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

அடையாளங்கள் என்ன?

* மெயிலோடு பைல் வரும். இ.எக்ஸ்.இ., ஜிப், எஸ்.சி.ஆர்., ஐ.எஸ்.ஓ. என்று பெயர் முடிந்தால் கை வைக்காதீர்கள். மைக்ரோசாப்ட் எந்த அப்டேட்டையும் மெயிலில் பைலாக அனுப்புவது இல்லை.

* அனுப்பியவரின் பெயரை பார்க்காதீர்கள், முகவரியை பாருங்கள். ஆங்கில ‘எம்’ எழுத்துக்கு பதில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி போடுவார்கள். ‘ஓ’ இடத்தில் பூஜ்யம் இருக்கும்.

* ‘24 மணி நேரத்தில் செய்யலைன்னா கம்ப்யூட்டர் லாக் ஆயிடும்’ என்று அவசரப்படுத்துவார்கள்.

* பாஸ்வேர்டு, ஓ.டி.பி. கேட்பார்கள். ‘ஆன்டி-வைரசை ஆப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்பார்கள்.

* லிங்கை அழுத்தினால் விண்டோஸ் அப்டேட் மாதிரியே ஸ்கிரீன் வரும். விண்டோஸ் பட்டனையும் ‘ஆர்’ பட்டனையும் சேர்த்து அழுத்தி எதையோ ‘பேஸ்ட்’ செய்யச் சொல்லும். உண்மையான அப்டேட் அப்படி ஒருபோதும் கேட்காது.

முன்பெல்லாம் ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் போலி என்று கண்டுபிடித்துவிடலாம். இப்போது ஏ.ஐ. உதவியால் தப்பே இல்லாமல் எழுதுகிறார்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அப்போ அப்டேட்டே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 2017 மே 12-ந்தேதி ‘வான்னாகிரை’ வைரஸ் உலகையே கலக்கியது. அதை தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ந்தேதியே வெளியிட்டு இருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எனவே அப்டேட்டை மெயிலில் தேடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடுங்கள். ‘செட்டிங்ஸ்’ போய் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியை பார்த்தால் போதும். குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ‘ஹெல்ப்’ பகுதியில் ‘அபவுட்’ பாருங்கள். பில் போடும் சாப்ட்வேர் என்றால் அந்த கம்பெனியின் இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதி முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ‘கடைசி அப்டேட்’ என்று மெயில் வந்தால் கூடுதல் உஷார் தேவை.

தெரியாமல் கிளிக் செய்துவிட்டால்?

பதற வேண்டாம். முதலில் நெட் கேபிளை பிடுங்குங்கள், வை-பையை அணையுங்கள். அந்த கம்ப்யூட்டரில் பென் டிரைவ் சொருகாதீர்கள், பேங்க் வேலை பார்க்காதீர்கள். வேறு போனிலோ, கம்ப்யூட்டரிலோ மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பிறகு முழு ஸ்கேன் செய்யுங்கள். சந்தேகம் தீராவிட்டால் விண்டோசை புதிதாக போடுவதே நல்லது.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

கடை வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் ஆதார், பான் நகல்களை அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் இல்லாததை எந்த வைரசாலும் திருட முடியாது.